தங்கவயலின் கற்கள்

(பண்டிதர் அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதர் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்தது தெரிந்ததும், கல் படித்தவனுக்கும் பண்டிதருக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 1907இல் பண்டிதர் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ ஏட்டைக் கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் கூட்டமாக உட்கார்ந்து, ஒருவர் படிக்க மற்றவர் கேட்டார்கள். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கங்கள் எழுந்தன. 1914இல் பண்டிதர் மறைந்தபின் நின்றுபோன ‘தமிழன்’, 1926இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து மீண்டும் வந்தது. பண்டிதரின் நூல்களைச் சாம்பியன் ரீஃபில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டது. இன்று நம் கையில் இருக்கும் அயோத்திதாசரில் ஒரு பகுதி, பூமிக்கடியில் கல் உடைத்தவர்களின் கூலிக்காசில் பிழைத்து வந்தது. அந்தக் கல் என்ன கல் என்று பார்ப்பதே இன்றைய பேச்சு. இந்த மேசையில் சில துண்டுகள் வைத்திருக்கிறேன். பேசப்பேச ஒவ்வொன்றாகக் கைமாறி வரும். எடுத்துப் பாருங்கள், எடை பாருங்கள், கீறியும் பார்க்கலாம்.

தங்கவயலுக்கும் நம் புதுச்சேரிக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஜான் வாரன் என்றொரு படை அதிகாரி. பிரெஞ்சு-ஐரிஷ் வம்சாவளி. இயற்பெயர் ழான் பத்திஸ்த் பிரான்சுவா ழோசெஃப் தெ வாரன். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் நாட்டை விட்டு வெளியேறி, ஆங்கிலேயரின் 33ஆவது படைப்பிரிவில் சேர்ந்து, நில அளவை வேலை பார்த்தவர். திப்பு 1799இல் வீழ்ந்ததும் மைசூரின் எல்லைகளை அளக்க அனுப்பப்பட்டார். கோலார் பக்கத்து மண்ணில் தங்கம் உண்டு என்று கேள்விப்பட்டு, காட்டுகிறவருக்கு வெகுமதி என்று 1802இல் அறிவித்தார். ஊர்ப் பெண்கள் மண்ணைக் கூட்டி அள்ளி வந்து, அவர் கண்ணெதிரே நீரில் அலசித் தங்கப் பொடியைக் காட்டினார்கள். மாரிக்குப்பத்தில் பறையர்கள் குழிக்குள் இறங்கிக் கல் வெட்டுவதையும் அவர் கண்டார். வெட்டிய கல் கூடையில் கைமாறிக் கைமாறி மேலே வரும். பெண்கள் அதைப் பாறைமேல் வைத்து மாவாக இடிப்பார்கள். பிறகு கிணற்றடிக்குக் கொண்டுபோய் அலசுவார்கள். இந்த விவரத்தையெல்லாம் வாரன் எழுதி வைத்தார்.

அதே வாரன் நம் பக்கத்துத் திருவக்கரைக்கும் வந்து, அங்குள்ள கல்மரங்களைப் பற்றி ‘ஏஷியாட்டிக் ரிசர்ச்சஸ்’ ஏட்டில் 1810இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவருக்கு முன்பே 1781இல் சொனரா என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைப் பற்றி எழுதியிருந்தார். வாரன் கடைசிக் காலத்தைக் கழித்து 1830இல் இறந்தது இந்தப் புதுச்சேரியில். இங்கேதான் 1825இல், தரையில் சோழிகளை வைத்து நகர்த்திச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டிய பஞ்சாங்கக்காரர் ஒருவரைச் சந்தித்தார். வானியல் வரலாற்று ஆய்வாளர்கள் இன்றும் பேசும் சந்திப்பு அது. பஞ்சாங்கக்காரரின் பெயரை வாரன் குறித்திருக்கிறார். மாரிக்குப்பத்தில் தங்கம் எடுத்துக் காட்டியவர்களுக்கு அவர் எழுத்தில் சாதிப்பெயர் மட்டுமே இருக்கிறது. இதற்காக அவரைத் தனியாகக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் ‘கோலார் தங்கத்தைக் கண்டுபிடித்தவர் வாரன்’ என்று எங்காவது படித்தால், அவருக்குக் காட்டிக்கொடுத்தவர் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வாரன் பார்த்ததே மிகப் பழைய தொழிலின் கடைசி மிச்சம்தான். பிற்காலத்தில் கம்பெனிகள் தோண்டியபோது, கடும்பாறைக்குள் ஆழமாக இறங்கிய பழங்காலக் குழிகள் அகப்பட்டன. அவற்றுள் கிடந்த மரத்துண்டுகளின் கார்பன் காலக்கணிப்பு, கி.பி. முதல் ஆயிரமாண்டுக்குள் விழுந்தது. வெடிமருந்து இல்லாத காலத்தில் பாறையை நெருப்பு மூட்டிச் சூடேற்றி, விரிசல் விட வைத்து, உளியால் பெயர்த்திருக்கிறார்கள். அந்தப் புகைக்குள் நின்றவர்கள் யார் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை.

முதல் கல் கைமாறட்டும். கருப்பாக, லேசான பச்சைச் சாயலோடு, வெளிச்சத்தில் திருப்பினால் ஊசி ஊசியாக மின்னும். இதன் பெயர் ஆம்பிபோலைட். ஹார்ன்பிளெண்டு என்னும் கனிமமும் ஃபெல்ஸ்பாரும் சேர்ந்தது. தங்கவயலின் அடிப்படைப் பாறை இதுதான். சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் கொட்டி உறைந்த எரிமலைக் குழம்பு இது. நீருக்குள் கொட்டும் குழம்பு தலையணை தலையணையாக உருண்டு உறையும். அந்தத் தலையணை வடிவங்கள் கோலார்ப் பகுதியில் இன்றும் சில இடங்களில் அடையாளம் தெரிகின்றன. பிறகு அது புதைந்து, நசுங்கி, சூடேறி, கனிமங்கள் மாறி, இப்போது உங்கள் கையில் இருக்கும் பாறையாகிவிட்டது. அன்று நிலத்தில் மரம் கிடையாது, மீன் கிடையாது. நுண்ணுயிர்கள் மட்டுமே. திருவக்கரைக் கல்மரத்துக்கு ஏறத்தாழ 2 கோடி வயது. வழுதாவூர்ப் பக்கம் கிடைக்கும் அம்மோனைட் ஓடுகளுக்கு 7 கோடி.  கோலார்க் கல்லின் முன்னால் இவையெல்லாம் நேற்றுப் பிறந்தவை.

இந்தக் கரும்பாறை வடக்குத் தெற்காக 80 கிலோமீட்டர் நீளத்துக்கு, சில கிலோமீட்டர் அகலத்துக்கு, ஒரு நாடாவைப்போல் கிடக்கிறது. இரு பக்கமும் வெளிர்நிற நைஸ் பாறை. நிலவியலில் இதைக் கோலார் சிஸ்ட் பட்டை என்பார்கள். தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வி. ராஜாமணியும் அவருடன் சேர்ந்து உழைத்தவர்களும் 1980களில் இரு பக்க நைஸ்களின் வயதையும் வேதியியலையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மேற்குப் பக்கத்துக்கும் கிழக்குப் பக்கத்துக்கும் வரலாறு வேறு என்று தெரிந்தது. தனித்தனியாக வளர்ந்த இரண்டு நிலத்துண்டுகள் வந்து மோதி ஒட்டிக்கொண்ட தையலே இந்தப் பட்டை என்பது அவர்கள் முடிவு. 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மோதல்.

தங்கம் வந்ததும் அப்படிப்பட்ட நசுக்கலின்போதுதான். அது எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் தங்கம் உருகி ஓடி உறைந்தது என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. பாறை ஆழத்தில் சூடேறும்போது, அதன் கனிமங்களுக்குள் கட்டுண்டிருந்த நீரும் கரியமில வாயுவும் கந்தகமும் வெளியேறுகின்றன. பல நூறு டிகிரி வெப்பமும் மிகுந்த அழுத்தமும் உள்ள அந்த நீரில், கந்தகத்தோடு பிணைந்து தங்கம் கரையும். ரசத்தில் உப்பு கரைவதுபோல, கண்ணுக்குத் தெரியாமல். அந்த நீர் மேலேற வழி தேடும். பாறை நசுங்கி உரசும் இடத்தில் நிலநடுக்கம் வந்தால் வெடிப்பு திறக்கும், அழுத்தம் சட்டென்று இறங்கும், கரைந்திருந்த சிலிக்கா அங்கே படிகமாகப் படியும். கூடவே, சுற்றியுள்ள கரும்பாறையில் இரும்பு ஏராளம். கந்தகம் தங்கத்தை விட்டுவிட்டு இரும்போடு போய்ச் சேரும். துணையை இழந்த தங்கம் கரைசலில் நிற்க முடியாமல் படிந்துவிடும். பிறகு வெடிப்பு அடைத்துக்கொள்ளும். அழுத்தம் மறுபடி ஏறும். மறுபடி நிலநடுக்கம். இப்படி எத்தனை முறை என்று எண்ணி முடியாது.

இதோ அதன் சாட்சி, இரண்டாவது கல். நம் ஊரில் வெங்கச்சங்கல் என்போமே, அந்தக் குவார்ட்ஸ்தான். ஆனால் வெள்ளையாக இல்லை. நீலம் கலந்த சாம்பல் நிறம், எண்ணெய் தடவியதுபோல ஒரு பளபளப்பு. குறுக்கே பாருங்கள், மெல்லிய கறுப்புக் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடுகின்றன. ஒவ்வொரு கோடும் வெடிப்பு ஒருமுறை திறந்து மூடியதன் தடம். தங்கவயலின் பெயர்பெற்ற சாம்பியன் லோடு இந்தக் கல்தான். லோடு என்றால் கனிமம் செறிந்த கல்நரம்பு. சுமார் 8 கிலோமீட்டர் நீளத்துக்கு வேலை நடந்த நரம்பு அது. அகலமோ சராசரியாக ஒரு மீட்டர் அளவுதான். மேற்குப் பக்கம் சாய்ந்து இறங்கி, ஆழத்தில் ஏறக்குறைய செங்குத்தாகிவிடுகிறது. ஒரு மீட்டர் அகலத்தைத் துரத்திக்கொண்டு 3.2 கிலோமீட்டர் ஆழம் போனார்கள்.

தங்கம் எங்கே என்று தேடுகிறீர்கள். கண்ணுக்குத் தெரியாது. தங்கவயலில் கண்ணால் காணும்படி தங்கம் இருந்த கல் மிக அபூர்வம். ஏறத்தாழ 120 ஆண்டுகளில் சுமார் 5 கோடி டன் கல்லை உடைத்து, ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுத்தார்கள். கணக்குப் போட்டால் டன்னுக்குப் பதினைந்து பதினாறு கிராம். பூமியின் சாதாரணப் பாறையில் டன்னுக்கு ஒரு கிராமில் சில ஆயிரத்தில் ஒரு பங்குதான் தங்கம் இருக்கும். அதோடு ஒப்பிட்டால் கோலார் பெரும் செல்வம். தொடக்க ஆண்டுகளில் டன்னுக்கு 40 கிராமுக்கும் மேல் கிடைத்தது, மூடும் காலத்தில் மூன்று நான்கு கிராமுக்கு வந்துவிட்டது. அந்த 800 டன் தங்கத்தையும் ஒன்றாகச் சேர்த்து உருக்கினால் எவ்வளவு இடம் பிடிக்கும் தெரியுமா? நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்றரை மீட்டர் உள்ள ஒரே அறை போதும்.

மற்ற கற்களை வேகமாகப் பார்த்துவிடலாம். வெள்ளிபோல் மின்னும் இது ஆர்செனோபைரைட். சுத்தியலால் தட்டினால் பூண்டு வாசனை வரும். அது ஆர்செனிக்கின் வாசனை, ஆகவே தட்டி முகர வேண்டாம், நான் சொல்வதை நம்புங்கள். வெண்கல நிறத்தில் இருப்பது பிர்ரோடைட். இந்தக் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் இழுக்கும். மஞ்சளாக மின்னும் பைரைட்டைத் தங்கம் என்று ஏமாறாதவர் இல்லை. சோதிக்க ஒரு வழி உண்டு: பளபளப்புப் பூசாத ஓட்டுத் துண்டில் தேய்த்தால் பைரைட் கருங்கோடு போடும், தங்கம் மஞ்சள் கோடு போடும். ஊசியால் குத்தினால் பைரைட் நொறுங்கும், தங்கம் குழிந்து கொடுக்கும். சிவப்பும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக இருப்பது, பட்டையின் மேற்கு ஓரக் குன்றுகளில் கிடைக்கும் இரும்புப் பாறை. இவை தவிர கலீனா, கால்சைட், டூர்மலின் ஆகியவையும் லோடில் உண்டு.

கடைசிக் கல் மட்டும் என்னுடையது. மற்றவை கல்லூரி ஆய்வகத்தின் சொத்து.

என் தாத்தா வடாற்காட்டிலிருந்து தங்கவயலுக்குப் போனவர். வடாற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து போன ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். பண்ணையாளாகக் கிடப்பதைவிட பூமிக்கடியில் இறங்குவது மேல் என்று போனார்கள். அங்கே மாதக் கூலி காசாகக் கைக்கு வரும், ஆண்டைக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டி நிற்க வேண்டாம். ஆனால் அங்கும் கீழே இறங்கியவர்களில் பெரும்பகுதி நம்மவர்கள், மேலே பங்களாக்களில் வெள்ளையர்கள், நடுவே மேற்பார்வைக்கு ஆங்கிலோ-இந்தியர். நம்மவர்களுக்குத் தட்டி வீடுகள், பிறகு லைன் வீடுகள். தாத்தா ஊர் திரும்பும்போது ஒரு வெள்ளைக் கல்லை வேட்டிக்குள் சுருட்டி எடுத்து வந்தார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. பாட்டி அதை ஊறுகாய்ப் பானைமேல் பாரமாக வைத்தாள். பருமனுக்கு மீறிய கனம் அந்தக் கல்லுக்கு. அந்தக் கனம்தான் பல ஆண்டுகள் கழித்து எனக்கு உறைத்தது. சாதாரண வெங்கச்சங்கல் இவ்வளவு கனக்காதே என்று ஆய்வகத்துக்கு எடுத்துப் போய், இருட்டறையில் குறு அலை புற ஊதா விளக்கின் கீழ் வைத்தேன். குவார்ட்ஸ் கறுப்பாகவே இருக்க, நடுவில் கைப்பிடி அகலத் திட்டு ஒன்று நீலவெள்ளையாகப் பற்றிக்கொண்டது. ஷீலைட். டங்ஸ்டனின் தாது. ரூபாய் நோட்டைச் சோதிக்கும் சாதாரண விளக்கு இதற்கு உதவாது, குறு அலை விளக்கு வேண்டும். அதை நேராகக் கண்ணால் பார்க்கவும் கூடாது.

ஷீலைட் சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடும் கனிமம். கோலாரில் தங்கத்தின் துணைப் பொருளாக டங்ஸ்டன் தாது பிரித்தும் எடுத்தார்கள். உலகமெங்கும் கனிமம் சேர்ப்பது ஒரு பொழுதுபோக்கு, ஒரு வணிகம், அருங்காட்சியகங்களுக்கு ஓர் அறிவுத்துறை. மூடிய சுரங்கத்திலிருந்து வந்த கல்லுக்கு மதிப்பு கூடும், ஏனென்றால் இனி கிடைக்காது. சீட்டில் கனிமத்தின் பெயர், சுரங்கத்தின் பெயர், எடுத்த ஆழம், சேகரித்தவர் பெயர் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. சரி, என் தாத்தாவின் கல்லுக்கு யார் சீட்டு எழுதுவது? சுரங்கக் கல்லைக் கணக்கில்லாமல் வைத்திருந்தாலே குற்றம் என்று மைசூர் அரசு தனிச் சட்டம் போட்டிருந்தது. வேலை முடிந்து மேலே வருபவர்களைச் சோதனை செய்துதான் வெளியே விடுவார்கள். ஓர் அதிகாரி மேசைமேல் வைத்தால் அது மாதிரிக் கல். தொழிலாளி மடியில் வைத்தால் களவு. சாம்பியன், மெக்டாகர்ட், கிஃபோர்டு என்று லோடுக்கும் ஷாஃப்டுக்கும் அவர்கள் பெயரும் அவர்கள் வைத்த பெயரும். ஒரு லெவலுக்குக்கூடத் தோண்டியவன் பெயர் கிடையாது. ஊர்ப்பெயர்கள் மட்டும் தப்பித்தன: ஊரிகம், மாரிக்குப்பம்.

1930இல், தொழிலாளர் எல்லோரும் விரல்ரேகை கொடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று கம்பெனிகள் சொன்னபோது, சுரங்கங்கள் அத்தனையும் 21 நாள் நின்றன. சங்கம் என்று சொல்லத்தக்கது எதுவும் வலுவாக இல்லாத காலம் அது. எங்களைக் குற்றவாளிகள்போல் ரேகை எடுக்காதே என்பதுதான் கோரிக்கை. கூலி உயர்வுக்காக அல்ல, மரியாதைக்காக நடந்த வேலைநிறுத்தம். ‘தமிழன்’ படித்தவர்களும் பௌத்த சங்கத்தில் உட்கார்ந்தவர்களும் இருந்த ஊரில் அது நடந்ததில் எனக்கு வியப்பில்லை. 1946 நவம்பர் 4ஆம் தேதி நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தத் தொழிற்சங்க வரலாற்றை எழுதியவர்கள் இருக்கிறார்கள், நான் கல்லுக்குத் திரும்புகிறேன். ஏனென்றால் கல்லும் மனிதனைக் கொன்றது.

இரண்டு விதமாகக் கொன்றது. முதலாவது, தங்கவயல்காரர்கள் ஏர் பிளாஸ்ட் என்று சொல்லும் பாறை வெடிப்பு. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர்மீதும் ஏறத்தாழ 850 கிலோ எடை அழுத்துகிறது. ஒரு சிறிய காரை விரல்நகத்தின்மேல் நிறுத்தியதுபோல. கல்லை வெட்டி எடுத்த வெற்றிடத்தால் அந்தப் பாரத்தைச் சுமக்க முடியாது. மிச்சம் நிற்கும் தூண்களில் பாரமெல்லாம் கூடும். மென்பாறையாக இருந்தால் மெதுவாகப் பிதுங்கிக் கொடுத்துவிடும். குவார்ட்ஸும் ஆம்பிபோலைட்டும் கண்ணாடி மாதிரி. தாங்கும், தாங்கும், பிறகு ஒரு கணத்தில் சிதறும். மேலே ஊருக்குள் வீட்டுப் பாத்திரங்கள் குலுங்கும். பெண்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். முட்டுக்கு மரம் வைத்தார்கள், பிறகு கருங்கல்லைச் செதுக்கி அடுக்கிச் சுவர் கட்டினார்கள், பிறகு கான்கிரீட் நிரப்பினார்கள். சாம்பியன் ரீஃபின் கிளென் பகுதியில் 1962இல் வெடிப்பு அடுக்கடுக்காக நடந்தது. பிற்பாடு 1978 முதல் அதிர்வுமானிகளை வலைபோல் அமைத்து, எந்த இடத்தில் பாறை முனகுகிறது என்று கேட்கத் தொடங்கினார்கள். இந்திய பாறை இயக்கவியல் கழகம் 1988இல் தங்கவயலில் தோன்றியது இந்த அனுபவத்தின் தொடர்ச்சி. அங்கே கற்ற பாடம் இன்று அணைகளுக்கும் மெட்ரோ சுரங்கப்பாதைகளுக்கும் பயன்படுகிறது. பாடத்துக்குக் கட்டணம் கட்டியவர்கள் வேறு.

இரண்டாவது கொலை சத்தமில்லாதது. குவார்ட்ஸைத் துளைத்தால் பறக்கும் தூசியில், ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் கடைசி அறை வரை போகும். அங்கே உள்ள காவல் அணுக்கள் அதை விழுங்கும், செரிக்க முடியாமல் செத்துப்போகும். செத்த இடத்தில் தழும்பு. தழும்பின்மேல் தழும்பு. மூச்சு சுருங்கிக்கொண்டே போகும். சிலிக்கோசிஸ். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாக ஆய்வறிக்கையில் பதிவானது கோலாரில்தான். 1940களில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்தபோது 43.7 சதவீதம் பேருக்கு அது இருந்தது. பத்தில் நான்கு பேருக்கு மேல். இந்த எண்ணை மருத்துவ மாணவர்கள் இன்றும் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள். படிக்கும்போது அந்த 7,653 பேர் யாருடைய தாத்தாக்கள் என்று புத்தகம் சொல்லாது. சிலிக்கோசிஸ் வந்த நுரையீரலில் காசநோய் எளிதாகக் குடியேறும். ஊர் திரும்பிய என் தாத்தாவுக்கு ஒரு மருத்துவமனையில் கொடுத்த சீட்டில் டி.பி. என்று மட்டும் இருந்தது. டி.பி. என்றால் ஏழையின் நோய், நஷ்டஈடு கிடையாது. சிலிக்கோசிஸ் என்றால் வேலையால் வந்த நோய், நஷ்டஈடு உண்டு. எழுதுகிற ஒரு சொல்லில் அத்தனை வித்தியாசம். இன்று கல்குவாரியிலும் கல் அரைக்கும் ஆலையிலும் வேலை செய்யும் தோழர்களோடு களத்தில் நிற்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அவர்கள் கையில் உள்ள மருத்துவச் சீட்டை வாங்கிப் பாருங்கள். எங்கே, எத்தனை ஆண்டு, என்ன கல்லோடு வேலை செய்தார் என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. அதை எழுத வைப்பது முதல் வேலை.

ஆழத்தின் வெப்பத்தையும் சொல்ல வேண்டும். அடிமட்டத்தில் பாறையின் வெப்பம் 65 டிகிரியைத் தாண்டியது. குளிர்ந்த காற்றை மேலிருந்து அனுப்பித்தான் வேலை செய்ய முடிந்தது. அதே ஆழம் அறிவியலுக்கு வேறு விதமாக உதவியது. மேலேயுள்ள பாறை மற்றக் கதிர்களையெல்லாம் தடுத்துவிடுவதால், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளோடு சேர்ந்து கருவிகளைக் கீழே இறக்கி, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தை 1965இல் சாம்பியன் ரீஃபில் பதிவு செய்தது. உலகில் அப்படிப் பதிவான முதல் தடங்களில் ஒன்று. கருவியைக் கீழே இறக்கியவர்களும் அதே கேஜில் இறங்கிய தொழிலாளர்கள்தான்.

1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் வந்தது முதல், 1956இல் மைசூர் அரசு, 1962இல் மத்திய அரசு, 1972 முதல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று கை மாறி, 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்த ஊரில், மறுநாள் முதல் பெங்களூருக்கு ரயில் ஏறிக் கூலிக்குப் போகும் வாழ்க்கை. தண்ணீர் இறைப்பது நின்றது. ஆழங்கள் நீரில் மூழ்கின. மூடிய சுரங்கத்துக்குள் எதையாவது எடுக்க இறங்கி, மூச்சுத் திணறி இறந்தவர்களும் உண்டு. கல் சேர்க்கும் ஆசையில் யாரும் அங்கே இறங்க வேண்டாம்.

மிச்சம் நிற்பவை சைனைடு மேடுகள். கல்லை மாவாக அரைத்து, முதலில் பாதரசம் பூசிய செப்புத் தகட்டில் ஓடவிட்டுத் தங்கத்தைப் பிடித்தார்கள். தப்பியதைப் பிடிக்க 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சைனைடு முறை வந்தது. காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு சைனைடு கரைசல் தங்கத்தைக் கரைக்கும். பிறகு துத்தநாகத்தைப் போட்டால் தங்கம் பிரியும். எஞ்சிய மாவைக் கொட்டிக்கொட்டி எழுந்த 13 மேடுகளில் 3 கோடி டன்னுக்கு மேல் கிடக்கிறது. சினிமாக்காரர்கள் பாலைவனம் என்று படமெடுக்க வந்துபோகும் இடம். வெளுத்த தரை, செடி சரியாக முளைப்பதில்லை. சைனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதைந்துவிடும். சிதையாதது சிலிக்கா மாவும், ஆர்செனோபைரைட்டிலிருந்து வந்த ஆர்செனிக்கும். காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசி லைன் வீடுகளுக்குள் வருகிறது. சுரங்கத்தில் இறங்காத பெண்களும் குழந்தைகளும் அதை மூச்சில் இழுக்கிறார்கள்.

இந்த மேடுகளிலும் தங்கம் உண்டு. டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவுதான், ஆனால் இன்றைய விலையில் அது லாபம். 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இந்த மேடுகளை மறுபடி கிளறும் மத்திய அரசின் திட்டத்துக்கு இசைவு தந்தது. கிளறும்போது 3 கோடி டன் மாவை அள்ளி, நனைத்து, கரைத்து, திரும்பவும் எங்கோ கொட்ட வேண்டும். எங்கே கொட்டுவார்கள், தூசியை எதால் அடக்குவார்கள், தண்ணீரை எங்கிருந்து எடுப்பார்கள், வேலைக்கு யாரை எடுப்பார்கள், அவர்களுடைய நுரையீரலை யார் ஆண்டுதோறும் படம் எடுத்துப் பார்ப்பார்கள்? லைன் வீடுகளில் இருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. கேட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் துணை போக நினைக்கும் மாணவர்கள் கனிமவியலைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். சுற்றுச்சூழல் அறிக்கையில் ‘மந்தமான சிலிக்காப் பொருள்’ என்று ஒரு வரி வந்தால், அது மந்தமானது அல்ல என்று 1940களிலேயே தங்கவயலின் நுரையீரல்கள் காட்டிவிட்டன என எடுத்துச் சொல்ல அது உதவும்.

கூட்டம் முடிந்தபின் பின்னறையில் விளக்கை அணைத்து ஷீலைட்டைக் காட்டுகிறேன். ஒரு தடவைக்கு ஐந்து பேராக வாருங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். இப்போது அது கடைசி வரிசையில் யார் கையிலோ இருக்கிறது. சீட்டு ஒன்று எழுதி ஒட்டியிருக்கிறேன், அதையும் படியுங்கள். கனிமத்தின் பெயரும் சுரங்கத்தின் பெயரும் இருக்கின்றன, ஆழம் தெரியாததால் அந்த இடம் காலி. சேகரித்தவர் என்ற இடத்தில் தாத்தாவின் பெயர்.